நிறைவயிற்றுப் பட்டினி

மூசா நெய்னாவின் வயிறு நிறைய வைக்கோல் இருந்தது. அவர் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. இரைப்பைக்குக் கீழே தொங்கிய செரிபைக்குள், அவர் தின்ற நாரூண் மாவு, வைக்கோலை அரைத்த மாவு, அப்படியே கட்டிக் கிடந்தது. டாக்டர் ஜுலைஹா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படுத்திருந்தவர் அவளுடைய காக்கா, கூடப் பிறந்த அண்ணன். கன்னம் இரண்டும் குழிந்து, வேறு யாரோ போலிருந்தார்.

"நல்லாத்தானே திங்கிறேன், ஜுலைஹா. ஆனா பசி அடங்க மாட்டேங்குது."

பக்கத்தில் நின்ற இளம் செவிலி திடுக்கிட்டாள். இந்த நோயோடு முதலில் வந்தவர் அவர்தான்; பசி என்று ஒரு மனிதர் சொல்லி அவள் கேட்டதில்லை.

கறையான் மரத்தைத் தின்று வாழ்வது அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களால். அவற்றை மனித உடம்பில் குடியேற்றத்தான் செரிபை என்ற செயற்கைப் பையைச் செய்தார்கள். வைக்கோல், கரும்புச் சக்கை, சோளத்தட்டை என்று வயலில் எரித்துப் புகையாக்கிய கழிவெல்லாம் மாவாகி உணவாயிற்று. வானம் தெளிந்தது. குப்பைமேடுகள் கரைந்தன. முதலில் பெரியவர்களுக்குச் செரிபை வைத்தார்கள்; பிறகு குழந்தைக்குப் பல் முளைத்ததும் வைத்துவிடுவது வழக்கமாயிற்று. அதன்பின் அந்த வயிறு சோற்றை ஏற்காது, வாந்திதான் வரும். மற்றொரு சங்கடம், தின்ற மாவு சிறிது நேரத்தில் வாய்க்குத் திரும்பி வரும். மாட்டைப் போல அசைபோட வேண்டும். பார்க்க நன்றாயில்லை என்று வீட்டுக்கு வீடு அசையறை கட்டினார்கள். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு டப்பா. கதவைச் சாத்திக்கொண்டு தின்பது மரியாதை ஆயிற்று.

அந்தக் கடற்கரை ஊரில் ஒரு காலத்தில் கல்யாண விருந்தென்றால் ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, அந்த ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். அந்த வழக்கம் சத்தமில்லாமல் மறைந்தது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகையைப் பூட்டியவர் மூசா நெய்னாதான். "பசிச்சவனே இல்லாத ஊர்ல யாருக்குக் காய்ச்சுறது?" என்று கேட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அல்லாஹ் தந்த வரம் இது என்று மனதார நம்பினார்.

போன மாதம் ஊர் முழுக்க ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோரும் மாத்திரை விழுங்கினார்கள். மாத்திரை காய்ச்சலோடு செரிபையில் குடியிருந்தவற்றையும் கொன்றுவிட்டது. மூசா நெய்னாவுக்குப் பின்னால் ஊரே ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஆய்வகத்திலிருந்து அந்த நுண்ணுயிர்கள் மிதக்கும் உயிர்க்கரைசலைப் புதிதாக வரவழைத்து ஏற்றினார்கள். பலனில்லை. ஜுலைஹா அதை உருப்பெருக்கியில் பார்த்தாள். புட்டிக்குள் சர்க்கரைத் தண்ணீரில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை நாரைத் தின்ன மறந்திருந்தன.

அப்போதுதான் கறையானைப் பற்றி அவள் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. தோலுரிக்கும்போது கறையான் தன் வயிற்று நுண்ணுயிர்களை எல்லாம் இழந்துவிடும். தனியாக விட்டால் மரத்துக்கு நடுவிலேயே பட்டினி கிடந்து சாகும். கூட்டாளி ஒன்று தன் உடம்பிலிருந்து ஊட்டினால்தான் பிழைக்கும்.

உயிருள்ள செரிபை ஒன்று வேண்டும். செவிலிகளைச் சோதித்தாள். வந்து போன உறவினர்களைச் சோதித்தாள். தன்னையும் சோதித்தாள். எல்லாம் செத்திருந்தன.

உப்பளத்துக் குடிசைகளிலிருந்து மட்டும் இதுவரை ஒருவரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. எல்லோரும் முடிந்துபோயிருப்பார்கள் என்று எண்ணி, பிணம் சுற்றும் துணிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

குடிசைகளுக்கு முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு பெரிய அலுமினியத் தாம்பாளத்தைச் சுற்றி ஆண்களும் பெண்களும் குந்தியிருந்தார்கள். எல்லோர் கையும் அந்த ஒரே தாம்பாளத்தில். வெட்டவெளியில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஜுலைஹா வண்டியை விட்டு இறங்கினாள்.

"வாங்க டாக்டரம்மா," என்று உப்பு வாரும் சண்முகத்தாய் எழுந்தாள். "யாருக்கு என்ன?"

"இங்க காய்ச்சல் வரலியா?"

"வராம? ஒங்க மாத்திரையத்தான் முழுங்குனோம். இந்தா இருக்காளே பொன்னுத்தாய், இவளுக்கு வயிறு கட்டிக்கிட்டு. மெல்லக்கூட தெம்பில்ல. இவ புருசன்தான் சவச்சு சவச்சு ஊட்டுனான்."

"கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி ஊட்டல அந்த மனுசன்," என்றாள் பொன்னுத்தாய். மறுபடியும் சிரிப்பு.

"மத்தவங்களுக்கு?"

"கட்டும், பெறகு இளகிரும். அது என்னத்தக் கண்டோம்."

எச்சில் கைகள் துழாவிய அந்தத் தாம்பாளத்தை ஜுலைஹா பார்த்தாள். இவர்களுக்கு ஆளுக்கொரு அசையறை கட்ட இடமில்லை. காய்ச்சலில் ஒருவர் இழந்ததை, இன்னும் காய்ச்சல் காணாத பக்கத்து ஆளின் எச்சில் கை அறியாமலே திருப்பிக் கொடுத்திருந்தது.

அன்று சாயங்காலமே மூசா நெய்னாவைத் தூக்குக் கட்டிலில் கொண்டுவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடுத்தவங்க வாயில கெடந்ததையா?"

"காக்கா, வேற மருந்து இல்ல."

சண்முகத்தாய் அவர் தலைமாட்டில் குந்தினாள். "ஐயாவ எனக்குத் தெரியும். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோட நாங்களும் வருவோம்லா. ஒங்க கையாலதான் ஊத்துவீய."

"பசி போயிருச்சுன்னுதாம்மா நிறுத்துனேன்."

"பசிக்கு மட்டுமா வந்தோம்?" என்றாள் அவள். குரலில் குறை எதுவும் இல்லை. "ஒங்க தெருவுக்குள்ள நாங்க வந்து போனது அந்தக் கஞ்சியாலதானே. பெறகு ஏது அந்தப் பக்கம் வர?"

மூசா நெய்னா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவள் ஒரு வாய் அசைபோட்டு, உருட்டி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவர் உதடு அசைந்தது. பிஸ்மில்லாஹ் சொன்னார். வாயைத் திறந்தார்.

அதற்குள் செய்தி ஊரெங்கும் பரவியிருந்தது. உப்பளத்துப் பாதையில் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. இறங்கியவர்கள் கைக்குட்டையால் வாயை மூடியிருந்தார்கள். ஆடைகள் உடம்பில் தொங்கின. முன்னால் வந்தவர் ஜுலைஹாவின் காதோரம் குனிந்தார்.

"டாக்டர், இத ஒரு டப்பாவுல போட்டுத் தர முடியுமா? வீட்ல வச்சு சாப்பிட்டுக்கிறேன்."

"அதுல உள்ள உயிரு வெளிக்காத்துல கொஞ்ச நேரத்துல செத்துரும். உக்காந்து, கூடத்தான் சாப்பிடணும். இன்னொரு காய்ச்சல் வந்தா மறுபடியும் வரணும்."

"எல்லாரும் பாக்கவா?"

"ஆமா."

"ஏட்டி, நகந்து எடம் விடுங்க," என்றாள் சண்முகத்தாய். தாம்பாளத்தைச் சுற்றி ஓர் ஆள் அளவுக்கு இடம் பிறந்தது.

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். ஈரமான கைகளைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டம் அவரைப் பார்த்தது. பிறகு அவர் திரும்பித் தன் வண்டியை நோக்கி நடந்தார். நடக்கத் தெம்பில்லை, இரண்டு முறை கால் மடங்கியது. அவரைப் பார்த்து வரிசையிலிருந்து இன்னும் சிலர் திரும்பினார்கள். இப்படியும் செய்வார்களா என்று ஜுலைஹா அவர்களைப் பார்த்தாள்.

சண்முகத்தாய்தான் எழுந்து ஓடினாள். ஒரு கை நிறைய உணவு.

"ஐயா, நில்லுங்க. ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க."

வண்டிக் கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடி மேலேறியது. கையில் இருந்தது சிந்திவிடக் கூடாதென்று, அவள் முழங்கையால் அந்தக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.