சுமைதாங்கி மேடு

கேரியரில் ஆள் ஏறினால் சைக்கிள் ஒரு குதி குதிக்கும். பின்டயர் அமுங்கும், ஸ்டாண்டு கடகடவென்று ஆடும், ஹேண்டில்பார் லேசாக மேலே தூக்கிக்கொள்ளும். இந்தத் தடவை அப்படி ஒன்றுமே ஆகவில்லை. பாரம் மட்டும் வந்தது. குடத்தில் தண்ணீர் ஏறுகிற மாதிரி, சத்தம் காட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

அதையெல்லாம் கவனிக்கிற புத்தி தணிகாசலத்துக்கு அப்போது எங்கே இருந்தது? விடிந்ததிலிருந்து அவன் பெண்டாட்டி செங்கமலம் வலியில் கிடக்கிறாள். இதற்கு முன்னால் பெற்ற இரண்டும் ஒரு வாய்ப் பால்கூடக் குடிக்காமல் மண்ணுக்குள் போய்விட்டன. "இதுவும் போச்சுன்னா நானும் கூடவே போயிடுவேன்யா" என்று காலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள். அக்கம்பக்கத்தில் கைராசிக்காரி என்று பேரெடுத்த மருத்துவச்சி ஞானம்மா படப்பையில் இருந்தாள். அவளைக் கூட்டிவரத்தான் ஒரகடத்துக்கு இந்தப் பக்கமிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான்.

பாழாய்ப்போன ரோடு அது. கப்பிக்கல்லைக் கொட்டி, மேலே கிராவல் மண்ணைத் தூவி, தார் போட மறந்துவிட்டுப் போன ரோடு. ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு. பள்ளத்துக்குப் பள்ளம் அடையாற்றைப் பார்க்கப் போகிற ஓடை ஒன்று குறுக்கே கிடக்கும். இறக்கத்தில் கேரியரில் உட்காரலாம், ஏற்றத்தில் இறங்கி நடக்க வேண்டும். திரும்பி வரும்போது ஞானம்மாவும் புலம்பிக்கொண்டேதான் ஏறி இறங்கினாள். "ஏசுவே, இடுப்பு கழண்டு கையோட வந்துடும் போல கீதே! கல்லு பாத்து மிதிப்பா!" ஒரு நிமிஷம் வாய் மூடவில்லை. அந்தப் புலம்பல்கூட அவனுக்குத் தைரியமாக இருந்தது.

ஊருக்கு முந்தின மேட்டில் செயின் கழன்றுகொண்டது. சுமைதாங்கி மேடு என்பார்கள் அதை. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். நிறைமாதத்தில், பிரசவமாகாமல் செத்துப்போனவளுக்காக வைத்த கல். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைத்தால் அவளுடைய வயிற்றுப் பாரம் கொஞ்சம் தணியுமாம். கப்பி ரோடு வந்தபிறகு யார் தலையில் சுமக்கிறார்கள்? நெல்லானாலும் புல்லானாலும் சைக்கிளில்தான். கல்லைச் சுற்றிக் காரைமுள் மண்டிப்போய்ப் பல வருஷம் ஆயிற்று.

பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரம். தணிகாசலம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையெல்லாம் மசகாகச் செயினோடு மல்லுக்கட்டினான். ஞானம்மா என்னவோ சொன்னாள், காதில் ஏறவில்லை. செயின் பல்லில் விழுந்ததும் எழுந்தான். பின்னால் ஆள் வந்து நிற்கிறது தெரிந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் ஏறு தாயே. இன்னிக்கு எப்படியாவது புள்ள பொறந்துடணும்."

பாரம் ஏறியது. மிதித்தான்.

இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தது. டைனமோ உர்ரென்று உறுமி, முன்னால் மஞ்சளாக ஒரு துண்டு வெளிச்சத்தைத் தள்ளிக்கொண்டு போனது. டயருக்கடியில் கல் நறநறவென்று அரைபட்டது. ஒரு பெரிய குழியில் தூக்கிப் போட்டபோது, ஏசுவைக் கூப்பிடப்போகிறாள் என்று காத்திருந்தான். கூப்பிடவில்லை.

"யக்கா, அடி பட்டுச்சா?"

கோபமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் கலந்த பேறுகால அறையின் வாசனை. மருத்துவச்சி மேல் அது அடிக்காமல் வேறென்ன அடிக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னான். ஆனால் அதற்கடியில் இன்னொரு வாசனை இருந்தது. மூடியே கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அது. அவன் முதுகில் என்னவோ உரசியது. கை இல்லை. உருண்டையாக, இறுக்கமாக, சூடில்லாமல். ஞானம்மா ஒடிசலான பொம்பளை, அவளுக்கு ஏது இவ்வளவு வயிறு?

மேட்டின் உச்சியிலிருந்து, வெகு தூரத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

"எப்பா தணிகாசலம்! ஒதுங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்! என்னை வுட்டுட்டு ஓடுறியே, நீ நல்லாருப்பியா!"

அது ஞானம்மாவின் குரல்.

ரத்தம் உறைந்துபோயிற்று என்பார்களே, அதெல்லாம் பொய். அவனுக்கு ரத்தம் கொதித்தது. காது அடைத்தது. பெடலில் கால் தானாக மிதித்தது. நிறுத்தினால் டைனமோ நிற்கும், விளக்கு அணையும், இருட்டில் இவளும் அவனும் மட்டும்.

எதிரே பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அவன் ஊரின் விளக்குகள் தெரிந்தன. அதில் ஒன்று செங்கமலம் கிடக்கிற வீடு. நேரே போனால் வாசலில் கொண்டுபோய் இறக்குவான். எதை இறக்குவான்? ஓடையைத் தாண்டினதும் இடதுபக்கம் செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்து ஒரு கிராவல் பாதை பிரியும். தணிகாசலம் தொண்டை கிழியக் கத்தினான்.

"யக்கா! விளக்கு தெரியுதே, அதாம் ஊரு! வரப்பு மேலயே நடந்து வூட்டுக்குப் போயிடு! எனக்காகக் காத்துக்கினு நிக்காத!"

இடதுபக்கம் ஒடித்தான்.

பாரம் கூடியது. ஊர் விலக விலகக் கூடியது. பின்டயர் மண்ணில் புதைந்து புதைந்து எழுந்தது. சட்டையைப் பின்னாலிருந்து ஒரு பிடி பிடித்தது. முனகல் ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தம். விட்டு விட்டு. காலையிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருக்கிற அதே சத்தம்.

"வூடு வந்துடுச்சா?"

சாதாரணக் குரல். களைத்துப்போன ஒரு பெண்ணின் குரல். அதுதான் பயம்.

"இல்ல தாயே."

கொஞ்ச தூரம்.

"வூடு வந்துடுச்சா?"

"இல்ல. இது வேற வழி. என் பொண்டாட்டி பாவம் தாயே. ரெண்டு புள்ளய வாரிக் குடுத்தவ. அவளாண்ட மட்டும் போவாத. உன் கால்ல வுழறேன்."

முனகல் நின்றது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. தொடை இரண்டும் நெருப்பாக எரிந்தன. இனி மிதிக்க முடியாது. இன்னும் ஒரு மிதி. இன்னும் ஒன்று.

"பாரம் தாங்கலப்பா," என்றாள் பின்னால் இருந்தவள். "எறக்கணும். ஒரு கை புடி."

அந்த ரோட்டில் புல்லுக்கட்டோடு வருகிறவள், விறகோடு வருகிறவள், யாராயிருந்தாலும் எதிரில் வருகிறவனிடம் கேட்பது இதைத்தான். ஒரு கை புடி. கேட்டபிறகு யாரும் யோசிப்பதில்லை. பகையாளியானாலும் கை கொடுத்துத்தான் போவான். தணிகாசலமும் பிறந்ததிலிருந்து அப்படித்தான். மூளை வேண்டாம் என்று சொல்வதற்குள் இடது கை ஹேண்டிலை விட்டுப் பின்னால் நீண்டுவிட்டது.

உள்ளங்கையில் என்னவோ வைக்கப்பட்டது. ஈரம். கனம். கை தாழ்ந்தது.

பிறகு ஒன்றும் இல்லை.

சைக்கிள் சட்டென்று காற்றாகப் பறந்தது. கேரியரில் பாரம் இல்லை. கையைப் பார்த்தான், வெறும் கை. செயின் மசகு மட்டும். தலையைத் திருப்பினான், வெறும் பாதை. அடப்பாவி, பிழைத்துவிட்டோமே! வாய்விட்டு அழுதான். ஹேண்டிலைத் திருப்பி, வந்த வழியே பேய் மாதிரி மிதித்தான். கல் தெறித்தது, முழங்கால் சிராய்ந்தது, எதுவும் உறைக்கவில்லை.

தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. குழந்தையின் அழுகை. நல்ல, கணீரென்ற, உயிருள்ள அழுகை.

அண்ணி கிளியம்மாள் வாசலுக்கு ஓடிவந்தாள். "ஆம்பளப் புள்ளடா! அந்த மருத்துவச்சி வந்து கை வெச்சா, பொறந்துட்டுது!" தணிகாசலம் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

சிம்னி விளக்குப் பக்கத்தில் ஞானம்மா உட்கார்ந்திருந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. ரோட்டில் விட்டுவிட்டு வந்தவனைத் திட்டவும் இல்லை.

"புள்ள நல்லாக்கீது," என்றாள். "நஞ்சுக்கொடியும் முழுசா வுழுந்துட்டுது. உள்ள ஒண்ணுமில்ல, எனக்குத் தெரியும். எத்தினி பிரசவம் பாத்தவ நானு. ஆனா இப்ப, கொஞ்சம் முன்னாடி, நான் பாத்துக்கினு இருக்கும்போதே..."

விரலால் காட்டினாள்.

செங்கமலம் சுவரில் சாய்ந்து கிடந்தாள். மார்பில் பச்சைப்பிள்ளை. அதற்குக் கீழே வயிறு. காலையில் இருந்ததைவிடப் பெரிய வயிறு. தோல் பளபளவென்று விறைத்துக் கிடந்தது. அவள் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடப் பயந்து, புருஷனையே பார்த்தாள்.

"எறக்கி வுடுய்யா," என்றாள். "எங்கிருந்து வந்துச்சு இது? எறக்கி வுடுய்யா."

பச்சைப்பிள்ளை அழுகையை நிறுத்தியது.

வயிற்றுக்கு உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அழுகை இல்லை. பேச்சு. பல் முளைத்து, பேச்சு வந்து, ஓடி விளையாடுகிற வயசுக் குழந்தையின் குரல். எத்தனையோ வருஷமாக உள்ளேயே வளர்ந்துவிட்ட குரல். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அப்பனைக் கூப்பிடுகிற மாதிரியே, தெளிவாகக் கூப்பிட்டது.

"நைனா."

செங்கமலத்தின் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஐந்து விரலும் விரிந்த ஒரு கை, மெல்ல, உள்ளேயிருந்து வெளியே அழுத்தியது.