வலி நின்ற பகல்

விழித்தபோது வலி இல்லை. பேச்சிமுத்துவால் அதை நம்பவே முடியவில்லை. வலது கன்னத்துக்குள் ஆணி அடிப்பதுபோல் குத்தி, மூக்கில் சாக்கடை நாற்றத்தை நிரப்பி, கழக்கூட்டம் ஹோட்டலில் பரோட்டாக் கல்லின் முன் நிற்கவிடாமல் ஆட்டி வைத்த வலி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. நாற்றமும் இல்லை. நேற்றுவரை இரண்டாகத் தெரிந்த மின்விசிறி இன்று ஒன்றாகவே சுற்றியது. வலது இமை மட்டும் பாதி மூடிக் கிடந்தது.

மூக்கை ஒட்டிய எலும்பறைக்குள் பூஞ்சை. உனக்குச் சர்க்கரை வேறு. பூஞ்சை கண் நரம்பைத் தொட்டுவிட்டது. நாளைக் காலையிலேயே வந்து அட்மிட் ஆகு, கண்ணை எடுக்க வேண்டி வரலாம் என்று நேற்று சொல்லியிருந்தார் டாக்டர் ஸ்ரீஜித். கண் போனால் பரோட்டா மாஸ்டருக்கு அப்புறம் என்ன இருக்கிறது? தேறிவரும் உடம்புக்குக் கத்தி எதற்கு? அலுப்பு எலும்புவரை ஊறியிருந்தது. மனைவி தங்கபாய் ஃபிளாட்டில் வீட்டுவேலைக்குப் போனதும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாமல் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மத்தியானம் மழை பிடித்தது. மூக்கில் கோத்திருக்கும் மிச்சம் மீதி நீரையும் வற்ற வைத்துவிடலாம் என்று கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கன்னத்தில் ஒத்தினான். சூடு உறைக்கவில்லை. மறுபடி வறுத்தான். தகரக் கூரையில் மழையும் வாணலியில் உப்பும் சேர்ந்து வெடித்தன. அழுத்தினான். கை சுட்டது. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டான். கன்னம் சுடவில்லை. இன்னும் அழுத்தினான்.

தங்கபாய் கதவைத் திறந்து அங்கேயே நின்றாள்.

"இதென்ன எறச்சி கரிஞ்ச மணம்? அடுப்புல என்ன வச்சிருக்கிய?"

"ஒண்ணும் வைக்கலியே. எனக்கு ஒரு மணமும் வரல."

"ஆஸ்பத்திரிக்குப் போவலியா? டாக்டர் எனக்குல்லா போன்ல விளிச்சிட்டே இருக்காரு..." கிட்டே வந்தவளின் பேச்சு நின்றது. "அய்யோ, அந்தத் துணிய எடுங்க. எடுங்கன்னு சொல்லுதேன்!"

எடுத்தான். அவள் அலறினாள்.

முடிச்சு அவிழ்ந்து உப்பு இடது கண்ணில் தெறித்தது. சட்டென்று அந்தக் கண்ணைப் பொத்தினான். எங்கும் இருட்டு. வலது இமையை விரலால் தூக்கினான். அந்தக் கண்ணிலும் இருட்டு.

"வலி இல்ல, தங்கம். சத்தியமா வலியே இல்ல."

சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டான். அழுகை வந்தது. வலி இல்லை என்று அவளுக்குக் காட்டத்தான் கன்னத்தைத் தொட்டான்.

விரல் பல்லில் பட்டது.