நான்காம் தொட்டியின் விதை

கேன் சூடாக இருந்தது.

அருள்ஜோசப் கையை எடுத்தான். உள்ளங்கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தான். வாயைத் திறந்தால் மூச்சு புகையாகப் போகும் குளிர் அறை அது. சுவரெல்லாம் பனி பூத்துக் கிடந்தது. வரிசையாக நின்ற ஒன்பது அலுமினியக் கேன்களில் எட்டைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டு தோலைக் கேட்டது. ஒன்பதாவது மட்டும், இப்போதுதான் யாரோ படுத்து எழுந்துபோன பாயைப் போல இளஞ்சூடாக இருந்தது. குனிந்து மூடியில் காதை வைத்தான். குளிரில் ஈஸ்ட் தூங்கும், சத்தமே வராது. இந்தக் கேனுக்குள் ஏதோ மெல்ல மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கனிந்த வாழைப்பழ வாசனை வந்தது. அது எப்போதும் வருவதுதான். அதற்குக் கீழே, ஈரத்தலையில் தேய்த்த நல்லெண்ணெய் வாசனை.

"என்ன ஜோசப்பு, கேனுக்கு முத்தமா? பவுலினாகிட்ட சொல்லிடவா?"

கதவருகே சூப்பர்வைசர் பொன்னுசாமி.

"இது சுடுது சார்."

"கதவ ஆவ்னு தெறந்து வெச்சுக்கிட்டு நின்னா எல்லாந்தான் சுடும். தூக்குய்யா. ஏழாம் தொட்டி பசியோட கெடக்குது."

தூக்கினான். வெளியே பத்து மணி வெயில் கண்ணில் குத்தியது. ஜூஜூவாடி செக்போஸ்டைத் தாண்டி, கர்நாடக மண்ணில் கால் வைத்ததும் வருகிற பீர் கம்பெனி அது. மண்தான் அந்தப் பக்கம், உழைக்கிற ஆள் முக்கால்வாசி இந்தப் பக்கம். எண்பத்தெட்டாம் வருஷத்து மார்ச் மாதம். வருஷம் முழுக்க பாட்டில் சரக்கு ஓடினாலும் சிவராத்திரி முடிந்ததும் கோடை பீர் என்று ஒன்று இறக்குவார்கள். அரிசி கலந்தது, வெளிறின நிறம், மே மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். அது பாட்டிலுக்குப் போகாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரு கூடம், அதில் நான்கு குழாய், நேரே கண்ணாடிக் குவளையில் பிடித்துக் கொடுப்பார்கள். குழாய்க் கூடம் என்று பெயர். அதற்காகவே பெங்களூரிலிருந்து கார் வரும், சேலத்து லாரிகள் ஓரங்கட்டும்.

இந்த வருஷத்து கோடை பீருக்கு என்ன வாய்த்ததோ, குடித்தவன் மறுநாளும் வந்து நின்றான்.

அருள்ஜோசப்புக்குத் தெரியும் என்ன வாய்த்தது என்று.

ஈஸ்டைத் தினம் தினம் புதிதாக வாங்குவதில்லை. ஒரு தொட்டியில் பீர் புளித்து முடிந்ததும் அடியில் வெண்ணெய் போலத் தேங்கி நிற்கும். அதில் மேலாகவும் அடியாகவும் இருப்பதைத் தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதை வழித்துக் கேனில் சேர்த்து அடுத்த தொட்டிக்கு ஊற்றுவார்கள். அதற்குப் பெயர் விதை. அந்தத் தொட்டியின் விதை அதற்கடுத்த தொட்டிக்கு. மாடு கன்று போடுகிற மாதிரி. இன்றைக்கு இந்தக் கம்பெனியில் புளிக்கிற எல்லாத் தொட்டியும் போன வருஷத்து நான்காம் தொட்டியின் வாரிசு.

நான்காம் தொட்டியில்தான் மதுரைவீரன் செத்தான்.

அஞ்செட்டிக் காட்டுப் பக்கத்து ஆள். முப்பது வயது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வேலைக்கு வரமாட்டான். தொட்டிக்குள் இறங்கி ஈஸ்ட் வழிக்கிற வேலை அவனுக்கு, மேலே வாயருகே நின்று காவல் பார்க்கிற வேலை அருள்ஜோசப்புக்கு. இறங்குமுன் ஒரு முறை உண்டு. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்க வேண்டும். எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் உள்ளே கேஸ் நிற்கிறது, ஒரு மணி நேரம் காற்று அடிக்க வேண்டும். அன்றைக்கு கோடை பீருக்கு ஐந்து தொட்டி காத்துக் கிடந்தது. பொன்னுசாமி இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். விளக்கில் எண்ணெய் இல்லை. ஸ்டோருக்குப் போய்வர அருள்ஜோசப்புக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவுமில்லை. மதுரைவீரன் ஏணியில் இரண்டு படி இறங்கி, தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டான்.

"வெளக்கு பாத்தியாண்ணா?"

"பாத்துட்டேன். எறங்கு."

அந்தத் தலை கீழே போயிற்று. அதன் பிறகு மேலே வரவில்லை.

மாலையில் வெளியே எடுத்தபோது ஈஸ்டுக்குள் குப்புறக் கிடந்தான். மூக்கு, வாய், காது எல்லாம் அதுதான். நெஞ்சு நின்றுவிட்டது என்று எழுதினார்கள். சாட்சியாக அருள்ஜோசப் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதா கோயிலில் சாமியார் நடத்திய ராத்திரிப் பள்ளியில், நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிக் கற்றவன் அவன். தன் சொந்த வார்த்தையாக அவன் முதன்முதலில் எழுதிய வாக்கியம் இதுதான்: விளக்கு இறக்கிப் பார்த்தேன். நன்றாக எரிந்தது. அந்த வாரமே அவனை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஈஸ்டைச் சாக்கடையில் விடத்தான் போனான். பொன்னுசாமி தடுத்தார். "சீசன் நேரத்துல வெதைக்கு எங்கய்யா போவேன்? வழி." வழித்தான். தன் கையால்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பீப்பாய் மாற்றுவதற்காகக் குழாய்க் கூடத்துக்குப் போனான். கூடம் நிறைந்திருந்தது. ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயில் குவளைகளில் விழுந்து மேசையெல்லாம் மஞ்சளாக ஆடிற்று. ஈயின் சத்தம், குழாய் சீறுகிற சத்தம், யாரோ தெலுங்கில் கடன்காரனைத் திட்டுகிற சத்தம். தும்கூர்ப் பக்கத்து லாரிக்காரர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கன்னடத்தைத் தவிர வேறு பேச்சு வாயில் வராது. மூன்று நாளாக வருகிறவர். குவளையைக் கீழே வைத்தார். மீசையில் நுரை. அருள்ஜோசப்பை ஏறிட்டுப் பார்த்து, அஞ்செட்டிக் காட்டுத் தமிழில், மிக மெதுவாகக் கேட்டார்.

"வெளக்கு பாத்தியாண்ணா?"

பீப்பாய் அவன் கால்மேல் உருண்டது. வலிக்கவில்லை.

"என்ன கேட்டீங்க?"

லாரிக்காரர் விழித்தார். நுரையைத் துடைத்துக்கொண்டார். "நானு ஏனூ ஹேளலில்லவல்லா," என்றார். தான் ஒன்றுமே சொல்லவில்லையாம். பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர் மில்லில் கணக்கெழுதுகிற பெரிய மனிதர், தங்கப்பல். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு மடக்கு குடித்தார். சிரிப்பு நின்றது.

"வெளக்கு பாத்தியாண்ணா?"

அடுத்த மேசை.

"பாத்தியாண்ணா?"

அதற்கடுத்தது. ஒருவருக்கொருவர் தெரியாமல். ஒவ்வொரு மடக்குக்கும் ஒருவர். கேட்டுவிட்டு மறந்துபோய், பழைய பேச்சையே தொடர்ந்தார்கள். கோபமான கேள்வியாக இல்லை அது. அன்றைக்குக் கேட்ட அதே மாதிரி. நம்பிக் கேட்கிற மாதிரி.

அவன் ஓடினான்.

அன்றிரவு மனைவி பவுலினா பரிமாறிய சோற்றை அப்படியே வைத்திருந்தான். யோசித்தது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கேள்வி உத்தனப்பள்ளி வரைக்கும் போய்விடக் கூடாது. மதுரைவீரன் பெண்டாட்டி பார்வதி அங்கேதான் தக்காளித் தோட்டத்துக் கூலியாக இருந்தாள். கண்டவன் வாயிலிருந்து அவள் அதைக் கேட்கக் கூடாது. இதை முதலில் நிறுத்த வேண்டும்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், மறுபடி நிரப்பி வைத்திருந்த ஒன்பது கேனிலும் தொட்டி கழுவுகிற காஸ்டிக் சோடாவைக் கலந்தான். ஒன்பதாவது கேன் திமிறி, மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, அவன் முழங்கை வரைக்கும் ஏறி, வழிந்து, அடங்கிற்று.

"கை தவறிடுச்சு சார்," என்று பொன்னுசாமியிடம் சொன்னான். அடிப்பார், போலீசைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தான். கூப்பிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

பொன்னுசாமி சிரித்தார். "பயந்துட்டியா? இந்த வெதைய மூணு கம்பெனிக்குக் குடுத்திருக்கோம். ஒரு போன் போட்டா சாயங்காலத்துக்குள்ள நம்ம வெதை நமக்கே வந்துடும். இது சாவாது ஜோசப்பு. போய்க் கையக் கழுவு."

வெளியே, தள்ளிவிட்ட ஈஸ்டையும் பார்லி மால்ட் சக்கையையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான் அப்துல் சலாம். மாட்டுத் தீவனத்துக்கு ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன்.

"இன்னாண்ணா, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்சாப்பல இருக்குது?"

"எந்தப் பக்கம் போற?"

"ராயக்கோட்டை ரோடு. கடசீல உத்தனப்பள்ளி. நம்ம மதுரைவீரன் ஊட்டம்மா இருக்குதில்ல, பார்வதி? ரெண்டு மாசமா தெனம் ஒரு கேன் வேணும்னு வாங்கிக்குது." சலாம் குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் புரியலண்ணா. அதுகிட்ட மாடே கெடையாது."

அருள்ஜோசப் லாரியில் ஏறினான்.

நிறுத்த முடியவில்லை. சொல்லிவிடலாம். வழி முழுக்க அதைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு போனான். நான் விளக்கு பார்க்கலை பார்வதி. எண்ணெய் இல்லை. பொய் சொன்னேன். மூன்றே வாக்கியம். ஓசூர் தாண்டி, பாறைகளும் ராகிக் கொல்லைகளும் தாண்டி, ஒவ்வொரு ஊரிலும் நின்று சக்கையைக் கொட்டிக்கொண்டு லாரி போயிற்று. பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தத்தை அவன் கேட்காமலிருக்கப் பார்த்தான். உத்தனப்பள்ளி வரும்போது மணி ஐந்து. சலாம் கேனை இறக்கி அவன் கையில் கொடுத்தான். "டயருக்கு பஞ்சர் ஒட்டிக்கிட்டு அர மணி நேரத்துல வரேன்."

தோட்டத்து ஓரத்தில் தனியாக ஓர் ஓட்டு வீடு. நூறு அடிக்கு முன்பே வாசனை வந்தது. வாழைப்பழம். நல்லெண்ணெய்.

பார்வதி வாசலுக்கு வந்தாள். தலை சீவிப் பூ வைத்திருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"வாண்ணா. ஒரு வருசமாச்சு, எட்டிப் பாக்கணும்னு தோணுச்சே இப்பவாச்சும்."

"பார்வதி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு தொட்டியில..."

"மெதுவாப் பேசுண்ணா." உதட்டில் விரல் வைத்தாள். "இப்பத்தான் அசந்துச்சு."

கேனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் பின்னால் போனான். ஏன் போனான் என்று அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே வெக்கை. ஜன்னலைச் சாக்கு அடித்து மூடியிருந்தாள். கண் பழகச் சற்று நேரம் ஆயிற்று.

தரையில் பாய். பாயில் ஆள்.

வேட்டி கட்டியிருந்தது. மேலே சட்டை, இரண்டு பொத்தான் போடப்பட்டு. சட்டைக் கையிலிருந்து வெளியே வந்த கை வெள்ளையாக, ஈரமாக, விரல் பிரிந்து கிடந்தது. நகத்துக்குக்கூட இடம் விட்டிருந்தாள். பிசைந்த மாவு. வெறும் மாவு. அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். வெக்கையில் பொங்கும். பொங்குகிற பொருள்தானே.

மார்பு ஏறியது.

இறங்கியது.

பொங்குகிற மாவு இறங்காது.

"வெளிய வெச்சா காஞ்சுபோவுதுண்ணா. தெனமும் தண்ணி தொட்டுத் தொட்டு ஒட்டணும்." பார்வதி மண்டியிட்டுக் கேன் மூடியைத் திறந்தாள். "ஒடம்பு முடிஞ்சிருச்சு. தலைக்குத்தான் பத்தல."

சட்டைக் காலருக்கு மேலே தலை இல்லை. அந்த இடத்தில் ஓர் அகலமான அலுமினியத் தட்டு. அதில் பாதி வரைக்கும் அந்த வெள்ளை.

"பார்வதி. நான் அன்னிக்கு... அன்னிக்கு நான்..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுகை இல்லை. கோபமும் இல்லை. பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிறவளைப் போலச் சிரித்தாள்.

"நீ எதுக்குண்ணா கஷ்டப்படற? வாய் வந்ததும் அதுவே சொல்லிடும். எனக்கென்ன அவசரம்."

கேனைச் சாய்த்தாள். தட்டு நிறைந்தது. தளும்பி, ஆடி, சமமாயிற்று. அவள் விளிம்பை விரலால் வழித்துத் தாடை போல ஒதுக்கினாள்.

தெருவில் லாரி இல்லை. காற்று இல்லை. அவன் தட்டையே பார்த்தான்.

தட்டின் நடுவில் ஒரு குமிழி எழுந்தது. உடைந்தது. அது விட்ட குழி மூடவில்லை. நீளமாயிற்று. அதன் இரண்டு ஓரங்களும் தடித்தன. ஒன்றையொன்று தொட்டன. விலகின.

மறுபடி தொட்டன.