அலன் மாமாவின் மெக்சிகோ மாளிகை

கிட்ட வாருங்கள், செல்லங்களே. கைத்தொலைபேசியைக் குப்புறப் போட்டுவிட்டு இப்படி என் பக்கத்தில் வந்து இருங்கள். ஒரு மாளிகையின் கதை சொல்கிறேன். கொலை இல்லை, இரத்தம் இல்லை, பயப்படாதீர்கள். பொய் ஒன்றுதான் இருக்கிறது. அது எந்த இடத்தில் பிடிபட்டது என்று நான் சொல்வதற்குள் நீங்கள் சொல்லிவிட்டால், நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயில். சனிக்கிழமை மத்தியானம். அங்குள்ள உணவகத்தில் நித்தியானந்தன் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய கார்களையும் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்து ஓய்வுபெற்றவர். எதிரே பார்த்தசாரதி. சென்னைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கணினி வேலையிலிருந்து ஓய்வு. துப்பறியும் வேலை என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

அப்போதுதான் ஜெனோஜா வந்தாள். செவன் ஹில்ஸில் இருக்கிற தாதி. மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கோயில் உணவகத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் தயங்கி நின்றாள்.

"நித்தி அங்கிள் நீங்கள்தானே? அம்மா வீட்டை ஏலத்தில போடப்போறா. வாற சனிக்கிழமை. நீங்கள் ஒருக்கா உதவி செய்யோணும்."

"இருங்கோ பிள்ளை. ஏன் விக்கிறா?"

"மெக்சிகோவுக்குப் போக. அங்க மாமாவின்ர மாளிகையில இருக்கப்போறாவாம்."

பார்த்தசாரதி தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "மெக்சிகோவா?"

ஜெனோஜா சொன்ன கதை இதுதான். அவளுடைய அம்மா அன்னமலர், விதவை. அம்மாவின் தம்பி அலன் சில வருடங்களுக்கு முன் சிட்னியை உதறிவிட்டு, மெக்சிகோவில் சான் மிகேல் என்ற பட்டணத்துக்குப் போனார். ஸ்பானியர் கட்டிய பழைய பட்டணம். கல் பாவிய தெரு, இளஞ்சிவப்புக் கோபுரம் வைத்த கோயில், அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து பெரிய வீடுகளை வாங்கிப் போட்டிருக்கிற வெள்ளைக்காரர்கள். ஞாயிறு காலை, பூசைக்கு முன்னால், அலன் அங்கிருந்து வீடியோவில் வருவார். தன் மாளிகையைக் காட்டுவார். சிட்னிச் சனங்களை ஏசுவார்.

"'நீங்கள் எல்லாம் மைக்ரன்ட். நான் எக்ஸ்பாட்' எண்டுவார், அங்கிள்."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றார் பார்த்தசாரதி.

"மைக்ரன்ட் வேலைக்குப் போவான். எக்ஸ்பாட் முற்றத்தில நிண்டு கோப்பி குடிப்பான்."

நித்தியானந்தன் சிரிக்கவில்லை. "அவருக்கு அம்மாவின்ர வீட்டில கண் எண்டு நினைக்கிறீங்களோ?"

"வேற என்ன? வீடு போயிட்டுதெண்டால் அம்மாவுக்கு ஒதுங்க ஒரு இடமும் இல்லை. என்ர பிளாட்டில ஒரு அறைதான். அம்மாவோ நான் சொன்னால் கேக்கிறா இல்லை."

அம்மா அந்த வீடியோ அழைப்புகளைப் பதிந்து வைத்திருந்தாள், செபக்குழுப் பெண்களுக்குக் காட்டிப் பெருமைப்பட. அவற்றை ஜெனோஜா தன் தொலைபேசியில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மேசையில் சாய்த்து வைத்து மூவரும் பார்த்தார்கள்.

முதல் பதிவில் அலன், தொலைபேசியை நீண்ட தடியில் மாட்டி முழு உருவமும் தெரியப் பிடித்தபடி, சலவை செய்த சட்டையும் மண்ணிறத் தோல் செருப்புமாக, பெரிய மண்டபம் ஒன்றில் நடந்தார். நீரூற்று வைத்த நடுமுற்றம், செதுக்கிய கதிரைகள், சுவரில் வெயில் படம்போல விழுந்திருந்தது. "இதெல்லாம் பழங்காலத்துச் சாமான், அக்கா. ராசாக்கள் இருந்த கதிரை. சிட்னியில என்ன கிடக்கு? புல்லு வெட்டுறதும் பில்லுக் கட்டுறதும்." நின்றுகொண்டே சொன்னார். நின்றுகொண்டே நெடுநேரம் கதைத்தார்.

இரண்டாவது, நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் காலம். அன்று மொட்டைமாடியில் நின்று, பின்னால் கோபுரம் தெரியக் கதைத்தார். "கீழ பெயின்ற் அடிக்கினம், அக்கா. மணம் தாங்கேலாது."

"போன நத்தாருக்கும் பெயின்ற்தான். அதுக்கு முந்தின நத்தாருக்கும்," என்றாள் ஜெனோஜா. "தவக்காலம் வரைக்கும் அடிப்பினம்."

மூன்றாவதில் மொட்டைமாடியில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. அலன் தொலைபேசியைப் பிடித்தபடி மூலையிலிருந்த சின்ன அறையை நோக்கி ஓடினார். வாசலில் நின்றார். சட்டை நனைய நனையச் செருப்பைக் கழற்றினார், காலால் ஒதுக்கி ஓரமாக வைத்தார், உள்ளே நுழையும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "இது சும்மா சாமான் போடுற அறை, அக்கா," என்றார் மூச்சு வாங்க. படம் அத்தோடு நின்றது.

பார்த்தசாரதி மேசையைத் தட்டினார். "சார், கேஸ் முடிஞ்சுது! ஆளு மெக்சிகோலயே இல்ல. பின்னாடி தெரியுறதெல்லாம் கம்ப்யூட்டர் படம். மெல்பர்ன் கிரெய்கிபர்ன்ல ஒருத்தர் இப்படித்தான், துபாய்ல இருக்கேன்னு சொல்லிக்கிட்டு மாமியார் வீட்டு மாடியில உட்கார்ந்திருந்தாரு!"

"படமெண்டால் மழை ஆளை நனைக்குமோ, சாரதி? மண்டபத்துச் சுவரில பிளக் குத்துற இடத்தைப் பாரும். சுவிட்ச் இல்லை. இங்க எந்த வீட்டில அப்பிடி இருக்கு? ஆள் மெக்சிகோவிலதான் நிக்கிறார்."

"அப்போ மாளிகை உண்மையா?"

"மாளிகையும் உண்மை." நித்தியானந்தன் கை கழுவ எழுந்தார். "பிள்ளை, நாளைக்குக் காலமை அம்மாவின்ர வீட்டுக்கு வாறம். அம்மாட்டை நண்பர் எண்டு சொல்லுங்கோ."

மறுநாள் செவன் ஹில்ஸ் வீட்டில் அன்னமலர் இருவரையும் வரவேற்று, குசினியிலிருந்து பால்தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். முன்விறாந்தையில் ஏல அறிவிப்புப் பலகை. முன் அறையில் மடு மாதா சுரூபம், காலடியில் சின்ன மின்விளக்கு. நித்தியானந்தன் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றார்.

"வடிவான மாதா."

"அம்மா தந்தவ. எனக்கு ஒண்டு, தம்பிக்கு ஒண்டு. அவன் மெக்சிகோவுக்குப் போகேக்க வேற ஒண்டும் கொண்டுபோகேல்ல, மாதாவை மட்டும் மடியில வைச்சுக்கொண்டு போனவன்," என்றாள் அன்னமலர். அவள் முகத்தில் பெருமை. "அங்க போனால் நான் ரெண்டு மாதாவையும் பக்கத்தில பக்கத்தில வைப்பன்."

தொலைக்காட்சியில் வீடியோ அழைப்பில் அலன் வந்தார். அதே மண்டபம். அதே நடை. "ஆர் அக்கா, புது ஆக்கள்?"

"ஜெனோஜாவுக்குத் தெரிஞ்ச ஆக்கள்."

"ஆ, வணக்கம். நீங்களும் மோட்கேஜ் கட்டித்தான் வாழ்க்கையை முடிச்சனீங்களோ?" அலன் சிரித்தார். "பாருங்கோ, நாங்கள் இஞ்ச எப்பிடி இருக்கிறம் எண்டு."

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்," என்றார் நித்தியானந்தன். "நிண்டு நிண்டு கால் நோகப்போகுது. அந்தக் கதிரையில இருந்து கதையுங்கோவன்."

அலன் கதிரையைப் பார்த்தார். "இல்லை, எனக்கு நிக்கிறதுதான் சுகம்."

"அப்ப மாதாவை ஒருக்கா காட்டுங்கோ. அக்காவின்ர மாதாவைப் பாத்திட்டன். உங்கட மாதா எங்க நிக்கிறா?"

அலன் மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"மாதா... அதுவந்து... மேல நிக்கிறா."

"மேல எண்டால், சாமான் போடுற அறையிலயோ?"

அன்னமலர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "மாதாவைச் சாமான் அறையிலயோ வைச்சிருக்கிறாய், தம்பி?"

"அவரைக் கோவியாதையுங்கோ அம்மா," என்றார் நித்தியானந்தன் அமைதியாக. "மாதாவைச் சரியான இடத்திலதான் வைச்சிருக்கிறார். தன்ர வீட்டுக்குள்ள. நாங்கள் எங்க போனாலும் ஒரு பழக்கம் போகாது. வீட்டுக்குள்ள செருப்போட போகமாட்டம். உங்கட தம்பி இந்த மண்டபம் முழுக்கச் செருப்போட நடக்கிறார். இப்பவும் பாருங்கோ. ஆனால் கொட்டுற மழையிலயும் மொட்டைமாடி அறை வாசலில நிண்டு, செருப்பைக் கழட்டி ஓரமா வைச்சிட்டுத்தான் உள்ள போனவர். போகேக்க சிலுவையும் போட்டவர். ஆராவது சாமான் அறைக்குச் செருப்புக் கழட்டுவினமோ? பழைய துடைப்பத்துக்குச் சிலுவை போடுவினமோ? மனுசன் வாயால பொய் சொல்லலாம். காலுக்குத் தன்ர வீடு எதெண்டு தெரியும்."

"சார்!" என்று வாய்பிளந்தார் பார்த்தசாரதி. "அப்போ அந்த பெயிண்ட்?"

"வடக்கில குளிர் தொடங்கினால் அமெரிக்காக்காரர் வெயிலுக்கு எங்க போவினம்? சான் மிகேலில இருக்கிற தங்கட வீட்டுக்கு. வீட்டுக்காரர் வந்து நிக்கிற மாசமெல்லாம் கீழ பெயின்ற் அடிக்கினம். அவை போன பிறகு பெயின்ற் காய்ஞ்சு, அலன் மண்டபத்துக்கு இறங்குவார். பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்துவார், கதிரையைத் துடைப்பார். அதில இருக்க மட்டும் மாட்டார். அது அவருக்குச் சொன்ன கட்டளையோ, அவரின்ர மனச்சாட்சியோ, எனக்குத் தெரியாது."

"நான் மனேஜர்," என்றார் அலன். குரல் கீச்சென்றது. "இந்த புரொப்பர்ட்டியை நான்தான்..."

ஜெனோஜா எழுந்தாள். "பாத்தீங்களோ அம்மா! உங்கட வீட்டைப் பறிக்கத்தான் இவ்வளவு நாடகமும்!"

"இல்லைப் பிள்ளை," என்றார் நித்தியானந்தன். "அதுதான் இதில மோசம். களவெடுக்கிறவன் அவசரப்படுத்துவான். அம்மா, மெக்சிகோவுக்கு வாங்கோ எண்டு தம்பி எப்பவாவது கேட்டவரோ?"

அன்னமலர் யோசித்தாள். "இல்லை. நான்தான் வாறன் எண்டு சொன்னனான்."

"வீட்டை விக்கச் சொன்னவரோ?"

"இல்லை. ஆறுதலா வாங்கோ, அவசரமில்லை எண்டுதான் சொன்னவன்."

"வராதையுங்கோ எண்டு சொன்னவரோ?"

அன்னமலர் திரும்பித் திரையைப் பார்த்தாள். அங்கே அலன் தன் மண்ணிறச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவர் கள்ளன் இல்லை அம்மா. பெருமை பேசினவர். பேசப் பேச நீங்கள் நம்பினியள். நம்பி வீட்டை விக்க வெளிக்கிட்டியள். ஒரு வார்த்தை, 'அக்கா, நான் இஞ்ச காவல்காரன்' எண்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த ஏலமே வந்திருக்காது. அந்த வார்த்தை இவரின்ர வாயில வரேல்ல."

"எப்பிடி அக்கா சொல்லுறது?" அலன் முணுமுணுத்தார். "எல்லாரும் பாக்கினம். செபக்குழு முழுக்கப் பாக்கினம். எனக்கு... வெக்கமாய் இருந்தது."

பிள்ளைகளே, கள்ளனை மன்னிக்கலாம். அவனுக்குப் பசி இருந்திருக்கும். பிறர் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கதிரைக்காரனாய்ச் சிரிக்கிறவனுக்கு என்ன இருந்தது? கூடப்பிறந்தவள் நடுத்தெருவுக்கு வந்தாலும் வரட்டும், தன் மண்டபம் கலையக் கூடாது என்றிருந்தவனுக்கு? அன்னமலர் கத்தவில்லை. அழவும் இல்லை. சந்தையில் கெட்ட மீனை ஒதுக்கி வைக்கிற குரலில்தான் கதைத்தாள்.

"காவல் காக்கிறது வெக்கமோடா? எங்கட அப்பா மன்னாரில ஆரோ ஒருத்தரின்ர கரைவலையை இழுத்துத்தான் எங்களை வளத்தவர். வலை அவரின்ர இல்லை, வள்ளம் அவரின்ர இல்லை. ஒருநாளாவது கரையில நிண்டு, கடல் என்ர எண்டு சொன்னவரோ?"

"அக்கா..."

"நீ மொட்டைமாடியில இரு, குசினியில இரு, எனக்கென்ன? கூட்டிக் கழுவித் தின்னுற சோறு நல்ல சோறு. ஆனால் என்ர வீடு போனாலும் பரவாயில்லை, உன்ர வாய்ப்பேச்சுப் போகக் கூடாது எண்டு இருந்தாய் பார். அது எனக்குப் பொறுக்கேல்ல."

"அக்கா, அடுத்த ஞாயிறு கோல் எடுக்கட்டோ?"

அன்னமலர் ரிமோட்டைக் கையில் எடுத்தாள். "செபக்குழுவைக் கூப்பிட்டு வைக்கிறன். உன்ர வேலை என்னெண்டு அவைக்கு நீயே சொல்லு. சொல்லத் துணிவிருந்தால் எடு. இல்லாட்டி எடாதை." திரை கறுத்தது.

பிறகு பார்த்தசாரதி தொண்டையைச் செருமினார். "நான் சொன்னதும் பாதி சரிதானே சார்? ஆளு பொய்தான் சொன்னாரு."

"ஓம் சாரதி. நாடுதான் உமக்குப் பிழைச்சுப்போச்சு."

அன்னமலர் மகளைப் பார்த்தாள். "ஏலக்காரனுக்குப் போன் அடி பிள்ளை. வீடு விக்கேல்ல எண்டு சொல்லு. அந்தப் பலகையையும் வந்து தூக்கச் சொல்லு." முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். "வாங்கோ, பூசைக்கு நேரமாச்சு. நீங்களும் வாறதெண்டால் வாங்கோ, தம்பிமார். முருகன் கோவிக்க மாட்டார்."

இருவரும் அவளோடு நடந்தார்கள்.

அவ்வளவுதான் கதை. நேரமாகிவிட்டது, எழும்பிச் சாப்பிடுங்கள். உங்கள் வீடு சின்னதோ பெரிதோ, கூரை ஒழுகாமல் இருக்கட்டும். பானையில் சோறு மிஞ்சட்டும். கூடப்பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் உள்ளதைச் சொல்லி வாழட்டும். உங்கள் பிள்ளைகள் எந்தத் தேசத்துக்குப் போனாலும், அங்கே தலை நிமிர்ந்து சுகமாய் இருக்கட்டும்.