பதிலிகள் சமாதானம் ஆனார்கள்

ஞாயிறு காலை எங்கள் கோயிலில் பெஞ்சு நிறையப் பதிலிகள் உட்கார்ந்திருக்கும். ஆளுக்குப் பதிலாகப் போகும் இயந்திரம்தான், ஆனால் சொந்தக்காரரின் முகம், சொந்தக்காரரின் குரல். பாட்டு பிசகாது, பிரசங்கத்தில் தூக்கம் வராது. சொந்தக்காரர் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். மத்தியானம் கறிச்சோறு சாப்பிடும்போது பிரசங்கத்தின் நினைவுச்சுருக்கம் அவருடைய போனுக்கு வந்துசேரும். சில வாரங்களில் போதகர் ஐயரும் தன் பதிலியைத்தான் அனுப்புவார். பதிலி பேசும், பதிலிகள் கேட்கும், கர்த்தர் பொறுத்துக்கொள்வார்.

நான் வேதமுத்து, பாளையங்கோட்டையில் உபதேசியார். ஞானஸ்நானம் வாங்க வருகிறவர்களுக்கு விசுவாசப் பாடம் எடுப்பது என் வேலை. அதற்கு மட்டும் ஆள் நேரில் வந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். இயந்திரத்துக்குப் பாவமே கிடையாது, அதற்கு எதற்கு இரட்சிப்பு? இந்தப் பிடிவாதத்தால் இந்த வருடம் வந்தது ஒரே ஒருவர், வக்கீல் உலகநாதன். அவர் ஒருவரே போதும், என் உயிரை எடுக்க.

“சார், பிதா குமாரனை அனுப்பினார்னு சொல்லுதீங்க. அனுப்பினா அது பதிலிதானே?” என்றார் வக்கீல்.

“பதிலி இல்ல. குமாரனும் கடவுள்தான்.”

“பதிலிக்கு வலிக்காது சார். ஆணி அடிச்சுக் கை போச்சுன்னா வேற கை மாட்டிக்கிடலாம். இதுல இரட்சிப்பு எங்க இருக்கு?”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“ஓய், நல்லாக் கேளும். அவர் பதிலியை அனுப்பல. அவரே மனுஷனாப் பிறந்தார். பசிச்சுது, அழுதார், ஆணி அடிச்சப்ப வலிச்சுது, செத்தார், மூணாம் நாள் எழுந்தார். தப்புப் பண்ணினவன் முதல்ல வரட்டும்னு மேல உக்காந்திருக்கல. நாம திருந்துறதுக்கு முன்னாலேயே இறங்கி வந்துட்டார். அதுக்குப் பேருதான் கிருபை.”

சொல்லி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அந்த நேரம் பார்த்து என் போன், வீட்டிலிருக்கும் என் பதிலியின் நினைவுச்சுருக்கத்தைச் சத்தமாக வாசித்துத் தொலைத்தது.

“அக்கா சொர்ணபாயின் பதிலி வந்தது. வழக்கம்போல் மன்னிப்புக் கேட்டது. வழக்கம்போல் மன்னித்தேன். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். அக்கா நாளை மகனோடு நிலாவிலுள்ள குடியிருப்புக்குப் போகிறார், இனித் திரும்புவதில்லை. நல்லபடியாக வழியனுப்பிவிட்டேன்.”

வக்கீல் என்னையே பார்த்தார். சொல்லாமல் தீராது என்று தெரிந்தது. எங்கள் அம்மா செத்தபோது, பக்கத்திலிருக்கிற தூத்துக்குடியிலிருந்து அக்கா வரவில்லை. அடக்கத்துக்குப் பதிலியை அனுப்பினாள். அது அவள் முகத்தோடு நின்று குழியில் மண் போட்டது. அன்றிலிருந்து இத்தனை வருடமும் அக்காவின் முகத்தில் நான் விழிக்கவில்லை. அவள் பதிலி வரும், என் பதிலி பேசும். எங்கள் குடும்பத்தில் அந்த இரண்டைப் போல ஒற்றுமையாக யாரும் இருந்ததில்லை.

“நீங்க ஒரு தடவைகூட நேர்ல போவலியா சார்?”

“தப்பு அவ மேல. அவதான் வரணும்.”

வாயை விட்ட பிறகுதான் உறைத்தது. வக்கீல் குறுக்கு விசாரணை ஒன்றும் செய்யவில்லை. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, “வண்டி வெளியதான் நிக்கு. தூத்துக்குடியில எறக்கிவிடுதேன்” என்றார்.

அவருடைய தானோட்டிக் காரில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். அக்காவை, வக்கீலை, நிலாவை, கடைசியில் பாடம் எடுத்த என் வாயை.

கதவைத் திறந்தது அவள் பதிலி.

“வா தம்பி. என்னை மன்னிச்சுரு தம்பி.”

“நீ நகரு. அக்காவைக் கூப்பிடு.”

ஆள் நேரில் வந்தால் என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. சத்தம் கேட்டு, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் பெட்டி ஒட்டுகிற டேப்போடு உள்ளேயிருந்து ஒரு கிழவி வந்தாள். பதிலிக்கு வயது ஏறாது, அக்காவுக்கு ஏறியிருந்தது. தலை முழுக்க வெள்ளை.

என் புஜத்தைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.

“ஏக்கா, வலிக்கி.”

“நெசம்மாவே நீதானாலே?” என்றாள். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். “அம்மாவைக் குழியில பாக்கத் தைரியம் வரலலே. ஒங்கிட்ட வந்து சொல்லிரணும்னு எத்தனை தடவை செருப்பை மாட்டியிருப்பேன். ஒம் மூஞ்சியில எப்படி முழிக்கது? தப்புப் பண்ணினவ நானு. நீ எதுக்குலே வந்த?”

வக்கீலுக்கு எடுத்த பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த டேப்பை வாங்கினேன். இடையில் பதிலி, “மன்னிச்சுரு தம்பி” என்று ஆரம்பித்தது.

“நீ சும்மா கெட” என்று இரண்டு பேரும் சேர்ந்து அதட்டினோம். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தேம்பினாள்.

“நீ இல்லாம எனக்கு முடியலக்கா” என்றேன்.