கத்தரிக்கக் கூடாத கொடி

தொட்டியின் பம்ப்பை நிறுத்திய பிறகும் பாசி அசைந்துகொண்டிருந்தது.

ரக்னா பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். டென்மார்க்கில் டிசம்பர் என்றால் மூன்றரை மணிக்கே ஜன்னல் கறுத்துவிடும். கூடத்தில் மீன் இல்லாத அந்த உப்புநீர்த் தொட்டியின் விளக்கு மட்டும்தான் எரிந்தது. ஈர மணலும் சிப்பியும் கலந்த வாடை, அவள் கணவன் விகோவின் ஸ்வெட்டரில் வீசிய அதே வாடை, இன்று சமையலறைவரை வந்திருந்தது. கடலோடு போய்விட்ட விகோ விட்டுச்சென்றதில் உயிரோடு இருப்பது இந்தக் கொடிப்பாசி ஒன்றுதான். இதுவும் செத்தால் அவளுக்கென்று எதுவும் மிஞ்சாது.

விகோவின் அக்கா போடிலுக்குப் போன் போட்டாள். அவள் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு.

"கொடி தொட்டியத் தாண்டி வெளிய வருது, போடில். கத்தரிச்சுடவா?"

"மீனே இல்லாத தொட்டிக்கு இத்தனை உபசாரமா! என் தம்பியை இப்படிக் கவனிச்சியா நீ?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லேன்."

"கத்தரிக்கோல் வச்சுடாதே தாயே! வெட்டின இடத்துல சாறு ஒழுகும், தண்ணி பாலாயிடும், மொத்தமும் செத்துடும். நுனியப் பிடிச்சு வேரோட மெதுவா இழு. அவன் கயிறு மாதிரி அறுந்துடப் போகுது."

ரக்னா போனை வைத்தாள். கயிறு தானாக அறுந்தது என்றுதான் ஊரே நம்பியது. தொட்டிக்குக் கல் எடுக்க விகோ முழுகும்போதெல்லாம், அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகில் அவள் பிடித்திருப்பாள். இரண்டு இழுப்பு வந்தால் மேலே தூக்க வேண்டும். அன்று திடீரென்று காற்று கிளம்பியது. கயிறு பாறையில் சிக்கி, படகு சாய்ந்து, தண்ணீர் ஏறியது. இரண்டு இழுப்பு வந்தது. மறுபடியும் இரண்டு. பயத்தில் அவள் கத்தியை எடுத்தாள்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கை விட்டாள். எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் இன்று கையை விறைக்க வைத்தது. அந்த நாளின் கடல் குளிர்.

இழுத்தாள். ஒரு முழம் வந்தது. மூன்று முழம். பத்து முழம். மணலின் ஆழமோ நாலு விரற்கடை. காலடியில் கொடி சுருள்சுருளாகக் குவிந்தது. இலைகள் குறைந்தன. பிறகு இலையே இல்லை.

கையில் நைலான். ஆரஞ்சு நிறம். கொடி ஒட்டியிருந்த அதன் நுனி, கத்தி பட்ட நுனி.

கயிறு கனத்தது. நின்றது.

ஒரு இழுப்பு.

இன்னொன்று.

கத்தரிக்கோல் மேசைமேல், கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ரக்னா அந்தப் பக்கம் திரும்பவில்லை. "இருடா, இரு" என்று அழுதுகொண்டே இரண்டு கையாலும் இழுத்தாள்.

மணல் பிளந்தது. தண்ணீர் பாலாய் வெளுத்தது. அந்த வெண்மைக்குள், கயிற்றைப் பற்றியபடி, ஒரு கைக்குமேல் இன்னொரு கையாக, விகோ ஏறி வந்துகொண்டிருந்தான்.