மூன்றாம் போர்ட்

ஐந்தாம் போர்ட்டில் கம்பியே செருகவில்லை. ஆனாலும் திரையில் அது பச்சையாக எரிந்தது.

ஞாயிறு மதியம், ஆளில்லாத அலுவலகத்தின் நான்காவது மாடியில், ஏசியின் உறுமலும் சூடேறிய தூசியின் வாடையும் தவிர வேறு துணையில்லாமல் உட்கார்ந்திருந்தாள் அந்த நெட்வொர்க் என்ஜினியர். கம்ப்யூட்டர் கம்பிகளை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் பெட்டிகளை பிரவுசரிலிருந்தே மேய்க்கும் மென்பொருளுக்குப் புது அப்டேட் வந்திருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவள் அல்ல அவள். எதையும் முதலில் தன் வீட்டிலிருக்கும் பழைய சுவிட்சில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்தில் போடுவாள். இன்றும் இங்கிருந்தபடியே வீட்டு சுவிட்சில் அதைப் போட்டிருந்தாள். வீட்டில் அறைக்கொரு போர்ட், கம்பி செருகும் துளை: ஒன்று கூடம், இரண்டு சமையலறை, மூன்று பாப்பாவின் அறை, நான்கு படுக்கையறை, ஐந்து ஸ்டோர் ரூம். வீட்டையே சோதனை எலியாக்கிவிட்டாய் என்று கணவன் கேலி செய்வான்.

என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பை இப்போதுதான் படித்தாள். வழக்கமான நாலைந்து வரிகளுக்குக் கீழே ஒன்று: ‘கம்பி இல்லாமல் இருப்பவையும் இனி காட்டப்படும்.’ எந்தப் புண்ணியவான் எழுதினானோ என்று எரிச்சலோடு திரையில் கூடத்தைத் தட்டினாள். உள்ளே ஒன்று, முப்பத்தாறு வருடம். பாப்பாவின் அறையில் ஒன்று, மூன்று வருடம். கணவனுக்கு முப்பத்தாறு வயது. பாப்பாவுக்கு மூன்று.

ஸ்டோர் ரூமைத் தட்டினாள். உள்ளே ஒன்று. தொண்ணூற்று நான்கு வருடம்.

கணவனை ஃபோனில் பிடித்து, வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டாள். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருவரும் வரவில்லை, பாப்பா தூங்குகிறாள் என்றான். அவன் குரலுக்குப் பின்னால், டிவி சத்தத்துக்கும் அடியில், ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பதுபோல ஒரு ஓசை, நின்று நின்று கேட்டது. அவனுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஐந்து அணைந்தது. நான்கு எரிந்தது.

நான்கும் அணைந்தது. மூன்றாம் போர்ட். உள்ளே இரண்டு.

“ஏங்க, பாப்பா ரூமுக்குப் போங்க. இப்பவே.”

தெரியாதது ஏதாவது வந்து ஒட்டினால் முதலில் போர்ட்டை அடை, பிறகு கேள்வி கேள் என்பது அவர்கள் தொழிலின் பாலபாடம். பதினோரு வருடப் பழக்கம். மனம் யோசிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது.

‘மூன்றாம் போர்ட் அடைக்கப்பட்டது. உள்ளே இருப்பவை உள்ளேயே இருக்கும்.’

“கதவு திறக்க மாட்டேங்குது,” என்றான் கணவன். “உள்ள தாழ்ப்பாள் விழுந்திருக்கு. அவளுக்குக் கை எட்டாதே.”

தன் கையாலேயே பிள்ளையை அதனோடு பூட்டிவிட்டாள். திறக்கும் பொத்தானை அழுத்தினாள். ‘பொறுக்கவும்.’ வட்டம் சுற்றியது. மறுபடி அழுத்தினாள். ‘பொறுக்கவும்.’ ஃபோனில் அவன் கதவை இடித்தான். உள்ளே அழுகை இல்லை. பாப்பா ஒரு முறையாவது அழுதால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

இடி. இடி. வட்டம். உள்ளே இரண்டு.

வட்டம் நின்றது.

“வந்துட்டா.” கணவனுக்கு மூச்சு வாங்கியது. “தானே திறந்துட்டு வந்துட்டா. கூடத்துக்குத் தூக்கிட்டு வந்தேன், கழுத்தைக் கட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேங்கிறா. இரு, உன்கிட்ட பேசணுமாம்.”

அவள் திரையைப் பார்த்தாள்.

கூடம். உள்ளே இரண்டு. முப்பத்தாறு வருடம். தொண்ணூற்று நான்கு வருடம்.

மூன்றாம் போர்ட். உள்ளே ஒன்று. மூன்று வருடம். பதில் இல்லை.

“அம்மா,” என்றது பாப்பாவின் குரல், ஃபோனுக்கு மிக நெருக்கத்தில். “நீ எப்ப வீட்டுக்கு வருவ?”